பழைய ட்ரக்டருக்கு விளக்கு: முன்னுக்கு மட்டும் போதுமா?



நம் மலைகளில் பெய்யும் மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்று பிள்ளைகளைக் கேட்டால், "ஓயாவுக்குப் போகுது" என்பார்கள். அந்த ஓயாக்களில் பல மகாவலியில் சேருகின்றன. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது. அதன் ஒரு கிளைதான் வெருகல் ஆறு. அந்தப் பக்கத்தில், ஈச்சிலம்பற்றுப் பகுதியில், கடலும் களப்பும் சேரும் இடத்தில் உள்ள ஊர் இலங்கைத்துறை.

தண்ணீர் போன வழியில் நம் சனங்களும் போயிருக்கிறார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகும், 1983க்குப் பிறகும் மலைநாட்டை விட்டு வவுனியா, திருகோணமலைப் பக்கங்களில் குடியேறிய குடும்பங்கள் பல. அதனால்தான் நம் லயங்களில் இன்றைக்கும் "சின்னம்மா வீடு திருகோணமலையில்", "மாமா அங்கே வயல் செய்கிறார்" என்ற பேச்சு கேட்கிறது. அறுவடைக் காலத்தில் இங்கிருந்து இளந்தாரிப் பையன்கள் ஒத்தாசைக்குப் போய் வருவதும் உண்டு.

போன பெரும்போக அறுவடைக்கு அப்படிப் போன பையன் ஒருவன் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடப்பதாகச் செய்தி வந்தது. அவனுடைய அப்பா நம்மிடம் வந்து, "ஐயா, எனக்கு அங்கிட்டு ஒண்ணுமே தெரியாதுங்க. கூட வர முடியுங்களா?" என்று கேட்டார். நாமும் போனோம். அங்கே பார்த்ததையும், கேட்டதையும், கற்றுக்கொண்டதையும்தான் இந்த இதழில் சொல்லப் போகிறோம்.

நடந்தது என்ன?

பையனுடைய மாமாவிடம் ஒரு பழைய இரண்டு சில்லு ட்ரக்டர் இருக்கிறது. கைப்பிடி போட்டுச் சுற்றி ஸ்டார்ட் பண்ணுகிற, ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின். பின்னால் பெட்டி. அன்றைக்கு நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும்போது இருட்டிவிட்டது. எஞ்சினில் இருந்த லைட் எப்போதோ செத்துப் போனது. ஆகவே மாமா ஒரு டோர்ச்சை முன்னால் ஹேண்டிலில் கட்டியிருந்தார். பையன் பெட்டியின் பின்பலகையில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் நேரே பெட்டியில் மோதியது. பையனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. மோட்டார் சைக்கிளில் வந்தவரும் அதே ஆஸ்பத்திரியில் இன்னொரு வாட்டில் கிடந்தார். உயிர் தப்பியது கடவுள் புண்ணியம்.

நாம் போய்ச் சேர்ந்த நேரம் மாமா கண்கலங்கிப் போய் இருந்தார். "லைட்டு முன்னால எரிஞ்சிச்சுங்களே ஐயா! நான் ரோட்டைப் பாத்துத்தானே ஓட்டினேன்!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு ரோட்டுத் தெரிந்தது. பின்னால் வந்தவருக்குத்தான் பெட்டி தெரியவில்லை. முன் விளக்கு, ஓட்டுகிறவர் பார்ப்பதற்கு. பின் விளக்கு, மற்றவர் நம்மைப் பார்ப்பதற்கு. பழைய ட்ரக்டருக்கு லைட் போட வேண்டும் என்று நினைக்கிற பத்துப் பேரில் ஒன்பது பேர் முன்னுக்குப் போடுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையைப் பின்னாலிருந்து ஆரம்பிக்கிறோம்.

வயலுக்குச் செய்த இயந்திரம்

இரண்டு சில்லு ட்ரக்டர் எந்தக் கம்பனியுடையதானாலும் நம் நாட்டில் அதை 'லேண்ட் மாஸ்டர்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பெயருடைய இயந்திரத்தை 1950களில் உருவாக்கியவர் இலங்கை எஞ்சினியர் ரே விஜேவர்தன. 1924இல் பிறந்து 2010இல் காலமானவர். அவர் உருவாக்கியதை இங்கிலாந்தில் தயாரித்தார்கள். எருமை உழுத சேற்று வயலை இயந்திரத்தால் உழுவதற்காகத்தான் அது வந்தது. பிறகு ஜப்பான் இயந்திரங்களும் சீன இயந்திரங்களும் வந்து நாடு முழுவதும் பரவின.

வயலில் உழுகிற இயந்திரத்துக்குப் பின் விளக்கு எதற்கு? பின்னால் பெட்டியைப் பூட்டி, நெல்லும் விறகும் ஆட்களும் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டு வந்தது நம்முடைய தேவை. அதற்கு முன்பு மாட்டு வண்டி போன காலத்தில் வண்டிக்குக் கீழே ஒரு அரிக்கன் லாம்பைக் கட்டித் தொங்கவிட்டுத்தான் இரவுப் பயணம் போவார்கள். வண்டி போய் ட்ரக்டர் வந்தது. அந்த லாம்பு மட்டும் எங்கேயோ தவறிப் போய்விட்டது.

இன்னொரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். முன்பு திருகோணமலையிலிருந்து மூதூர், வெருகல் வழியாக மட்டக்களப்புக்குப் போகும் கரையோர ரோட்டில் ஆறு, களப்பு குறுக்கிட்ட இடங்களில் 'பாதை' என்று சொல்லுகிற மிதவையில் ஏறித்தான் கடக்க வேண்டும். ரோட்டும் குண்டும் குழியும். யாரும் வேகமாக ஓட்ட முடியாது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து மற்றப் பாலங்களும் வந்தன, ரோட்டும் தார் போட்டு நேராகிவிட்டது. பஸ்ஸும் லொறியும் மோட்டார் சைக்கிளும் இரவில் வேகமாக ஓடுகின்றன. ஆனால் வயல் ட்ரக்டர் அதே பழைய வேகத்தில், அதே இருட்டில் போகிறது. நல்ல ரோட்டில் ஆபத்து குறைந்திருக்கும் என்று நினைக்கிறோம். விளக்கில்லாத பெட்டிக்கு ஆபத்து கூடித்தான் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

பள்ளிக்கூடம் போகிற உங்கள் பிள்ளையிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். பின்னால் வரும் வாகனம் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறது. ட்ரக்டர் 12 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் 48 கிலோமீற்றர். அதாவது ஒவ்வொரு செக்கனுக்கும் 13 மீற்றருக்கு மேல் நெருங்குகிறது.

விளக்கில்லாத பெட்டி 30 மீற்றர் தூரத்தில்தான் அவர் கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மோதுவதற்கு இருப்பது இரண்டே கால் செக்கன். கண்ணில் பட்டு, "ஐயோ, பெட்டி!" என்று மூளைக்கு எட்டி, கால் பிரேக்கில் போவதற்கே ஒன்றரைச் செக்கன் போய்விடும். மிச்சம் இருப்பது பத்து மீற்றர். அந்தப் பத்து மீற்றருக்குள் வேகத்தைக் குறைத்துத் தப்புவது கஷ்டம். எதிரே வேறொரு வாகனம் லைட் அடித்துக்கொண்டு வந்தால் அந்த 30 மீற்றரும் இல்லை.

பெட்டியின் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து, 300 மீற்றர் தூரத்திலேயே தெரிந்தால்? அவருக்கு இருபது செக்கனுக்கு மேல் கிடைக்கிறது. வேகத்தைக் குறைத்து, ஒதுங்கி, ஆறுதலாகப் போகலாம். ஒரு சிறு சிவப்பு பல்பு செய்கிற வேலை இவ்வளவு.

முதல் வேலை: பணம் அதிகம் வேண்டாதது

பையனைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள், மாமா வீட்டு முற்றத்தில் அந்த ட்ரக்டருக்கு விளக்குப் போடும் வேலை நடந்தது. மூதூர்ப் பக்கத்திலிருந்து வயர் வேலை தெரிந்த ஒரு தம்பி வந்தார். அவர் வந்ததும் எஞ்சினைத் தொடவில்லை. நேரே பெட்டியின் பின்னால் போய்க் குந்தினார். "மாமா, முதல்ல ரிப்ளெக்டர் ஒட்டுவம். இதுக்குக் கரண்டும் வேணாம், ஒண்டும் வேணாம்" என்றார்.

ரிப்ளெக்டர் என்பது தன்மேல் பட்ட வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகிற பொருள். எஞ்சின் நின்றாலும், வயர் அறுந்தாலும், பட்டரி செத்தாலும் அது வேலை செய்யும். வைக்க வேண்டிய இடங்கள் இவை:

பெட்டியின் பின்பக்கம், இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் சிவப்பு. நடுவில் ஒன்றை வைத்தால் பெட்டியின் அகலம் தெரியாது. இரண்டு ஓரத்திலும் இருந்தால்தான் பின்னால் வருகிறவருக்கு "இவ்வளவு அகலமான ஒன்று போகிறது" என்று புரியும்.

பெட்டியின் முன்பக்க இரண்டு மூலையிலும் வெள்ளை. இரண்டு சில்லு ட்ரக்டருக்கு முன்னால் ஒற்றை லைட் எரிந்தால் எதிரே வருகிறவர் மோட்டார் சைக்கிள் என்றுதான் நினைப்பார். ட்ரக்டரைவிட அகலமான பெட்டி பின்னால் வருவது அவருக்குத் தெரியாது.

பெட்டியின் பக்கப் பலகைகளில் மஞ்சள். சந்தியில் குறுக்கே திரும்பும்போது இது உதவும்.

வைக்கோலும் சாக்கும் தொங்கி மறைக்காத இடத்தில் ஒட்டுங்கள். சேறு பிடித்த ரிப்ளெக்டர் இருந்தும் இல்லாதது மாதிரித்தான். புறப்படுமுன் ஒரு ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

எஞ்சினில் என்ன கரண்ட் இருக்கிறது?

ரிப்ளெக்டர் ஒட்டியாயிற்று. இனி விளக்கு. கடைக்கு ஓடிப்போய்ப் பெரிய லைட் வாங்குமுன் நம் எஞ்சின் எவ்வளவு கரண்ட் தரும் என்று பார்க்க வேண்டும். பழைய ட்ரக்டர்களை மூன்று வகையாகச் சொல்லலாம்.

ஒன்று, கரண்ட் உண்டாக்கும் பாகமே இல்லாதது. கைப்பிடியால் சுற்றி ஸ்டார்ட் செய்யும் டீசல் எஞ்சின் ஓடுவதற்குக் கரண்ட் தேவையில்லை. ஆகவே பட்டரியும் இருக்காது.

இரண்டு, பெரிய சில்லான பிளைவீலுக்கு உள்ளே ஒரு சுருள், அல்லது பெல்ட்டில் ஓடும் ஒரு சின்ன டைனமோ உள்ளது. ஒரு சிறு லைட் எரிவதற்கு இது போதும். ஆனால் எஞ்சின் வேகம் கூடினால் வோல்ட் கூடும், குறைந்தால் குறையும். மெதுவாகப் போகும்போது லைட் மங்கும், உறுமினால் பல்பு எரிந்துபோகும். அதோடு, சுருளிலிருந்து வரும் கரண்ட் மாறி மாறி ஓடுவது. பட்டரிக்கு அது ஒத்துவராது. நடுவில் 'ரெகுலேட்டர் ரெக்டிபயர்' என்ற ஒரு சின்னப் பெட்டியைப் போட வேண்டும். மோட்டார் சைக்கிள்களில் இருப்பது இதுதான். ஆனால் எந்தச் சுருளுக்கு எது பொருந்தும் என்று வேலை தெரிந்தவரிடம் கேட்டே வாங்குங்கள்.

மூன்று, பட்டரியும் டைனமோ அல்லது ஓல்டர்னேட்டரும் உள்ள நான்கு சில்லு ட்ரக்டர். தோட்டங்களில் கொழுந்து இழுக்கிற பழைய மாசி பெர்குசன் போன்றவை இந்த வகை.

மாமாவின் எஞ்சின் இரண்டாவது வகை. சுருள் இருந்தது. அது தருகிற கரண்டில் பழைய பாணி பெரிய பல்பு எரியாது என்று அந்தத் தம்பி மீற்றர் வைத்துப் பார்த்துச் சொன்னார்.

வாட்ஸ், வோல்ட், அம்பியர்

இது பயப்படுகிற கணக்கு இல்லை. பல்பில் போட்டிருக்கும் வாட்ஸை வோல்ட்டால் பிரித்தால் அம்பியர் வரும். அவ்வளவுதான்.

பழைய ஹலஜன் ஹெட்லைட் பல்பு ஒன்று 55 வாட்ஸ். இரண்டு போட்டால் 110. பின்னுக்கு 5 வாட்ஸ் பல்பு இரண்டு, அது 10. மொத்தம் 120 வாட்ஸ். 12 வோல்ட்டால் பிரித்தால் 10 அம்பியர்.

எல்.ஈ.டி. லைட் போட்டால்? முன்னுக்கு 18 வாட்ஸ் இரண்டு, பின்னுக்கு 2 வாட்ஸ் இரண்டு. மொத்தம் 40 வாட்ஸ். பிரித்தால் 3.3 அம்பியர். மூன்றில் ஒரு பங்கு கரண்ட்தான் தேவை.

35 அம்பியர் மணிநேரப் பட்டரி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பாதிக்கு மேல் வற்றவிட்டால் சீக்கிரம் கெட்டுவிடும். ஆகவே நாம் பாவிக்கக் கூடியது 17.5. எஞ்சினிலிருந்து ஒரு துளி சார்ஜும் வராவிட்டாலும், எல்.ஈ.டி. லைட் ஐந்து மணிநேரம் எரியும். பழைய பல்பு இரண்டு மணிநேரம்கூட நிற்காது. எஞ்சினில் கரண்டே இல்லாதவர்களும் பட்டரியை வீட்டில் சார்ஜ் செய்து வைத்துக்கொண்டு எல்.ஈ.டி. லைட் போடலாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறோம்.

பட்டரி இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். சுருளிலிருந்து நேரே லைட்டுக்கு வயர் கொடுத்தால், எஞ்சின் நின்றதும் எல்லா லைட்டும் நின்றுவிடும். நடு ரோட்டில், இருட்டில், எஞ்சின் நின்று போகிற நேரம்தானே பின் விளக்கு மிகவும் அவசியம்? ஆகவே பின் விளக்குக்கு எப்போதும் பட்டரியிலிருந்தே கரண்ட் போக வேண்டும்.

வயரும் பியூஸும்

வீட்டுக்குப் பாவிக்கிற ஒற்றைக் கம்பி வயரை ட்ரக்டருக்குப் போடாதீர்கள். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் அதிர்கிற அதிர்வில் அது உள்ளுக்குள்ளேயே ஒடிந்துவிடும். மெல்லிய கம்பிகள் பல சேர்ந்த, வாகனத்துக்கென்று விற்கிற செப்பு வயர்தான் வேண்டும். முன் லைட்டுக்கு 2.5 சதுர மில்லிமீற்றர், பின் லைட்டுக்கு 1.5.

மெல்லிய வயர் போட்டால் என்ன? கரண்டில் ஒரு பங்கு வயரைச் சூடாக்குவதிலேயே போய்விடும். ஹலஜன் பல்புக்கு 12 வோல்ட்டுக்குப் பதில் 10 வோல்ட் போய்ச் சேர்ந்தால் வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். பலபேர் "லைட் சரியில்லை" என்று புது லைட் வாங்குகிறார்கள். குற்றம் லைட்டில் இல்லை, வயரில்.

பியூஸ் இல்லாமல் ஒரு வயரும் போடக்கூடாது. வயர் எங்காவது உரசி இரும்பில் பட்டால், பியூஸ் உருகி நெருப்பைத் தடுக்கும். அதைப் பட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பியூஸ் போனால் வெள்ளிக் கடதாசி சுற்றுவதும் ஆணி செருகுவதும் மகா தவறு. அது காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஸ்டோர்க் கதவைத் திறந்து வைப்பது மாதிரி.

அந்தத் தம்பி செய்த ஒரு வேலை நமக்குப் பிடித்திருந்தது. முன் லைட்டுக்கு ஒரு பியூஸ், பின் லைட்டுக்கு வேறொரு பியூஸ் என்று தனித்தனியாகப் போட்டார். ஏன் என்று கேட்டோம். "முன்னுக்கு ஷோர்ட் ஆகினாலும் பின்னுக்கு எரிஞ்சுகொண்டு இருக்கும் ஐயா" என்றார். சுவிட்ச்சும் இரண்டு படி உள்ளது. முதல் படியில் பின் விளக்கு எரியும், இரண்டாம் படியில் முன் லைட்டும் சேர்ந்து எரியும். முன்னுக்கு மட்டும் எரிய வைக்கவே முடியாது. மறதிக்கு இடமில்லை.

வயரை எஞ்சின் புகைக்குழாய்க்கும் ஓடுகிற பெல்ட்டுக்கும் டீசல் குழாய்க்கும் தூரமாகக் கொண்டு போங்கள். இரும்பில் ஓட்டை போட்டு நுழைக்கிற இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள்.

பெட்டிக்குப் போகிற வயர்

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பெட்டியைக் கழற்றிப் பூட்டுவோம் அல்லவா? அதனால் நடுவில் ஒரு பிளக்கும் சொக்கட்டும் வேண்டும். திரும்பும்போது இழுபடாதபடி வயர் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். நிலத்தில் இழுபடுகிற அளவுக்கும் தளரக் கூடாது.

எர்த் வயரையும் தனியாகப் பெட்டி வரைக்கும் கொண்டு போக வேண்டும். "இரும்புதானே, பூட்டுகிற ஊசி வழியாகவே எர்த் போகும்" என்று விட்டுவிடுவார்கள். அந்த ஊசியில் கிறீஸும் துருவும் இருக்கும். குலுங்குகிற நேரம் தொடும், விடும். முற்றத்தில் நிறுத்திப் பார்க்கும்போது நன்றாக எரிகிற லைட், ரோட்டில் அணைந்து அணைந்து எரிவதற்குக் காரணம் இதுதான்.

பின் விளக்கு சிவப்பாகத்தான் இருக்க வேண்டும். இப்போது சிலர் வெள்ளை, நீலம், கண் சிமிட்டும் லைட் என்று பின்னால் போடுகிறார்கள். வெள்ளை லைட்டைக் கண்டால் பின்னால் வருகிறவர், "எதிரே ஒரு வாகனம் வருகிறது" என்று நினைப்பார். அழகுக்கு வேறு இடம் இருக்கிறது. முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு. உலகம் முழுவதும் ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்த பாஷை அது.

முன் லைட்டைச் சரிக்கட்டுவது

முன் லைட்டை உயரத்துக்குத் தூக்கி வைத்தால் எதிரே வருகிறவர் கண் கூசும். கண் கூசினவர் நம் மேலேயே வந்து விடுவார். சரிபார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. சமதரையில், சுவருக்கு 25 அடி தூரத்தில் ட்ரக்டரை நிறுத்துங்கள். லைட்டின் நடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போடுங்கள். இருட்டினதும் லைட்டைப் போட்டு, வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே விழும்படி திருகி இறுக்குங்கள். பெட்டியில் பாரம் ஏற்றினபிறகு ஒரு தடவை பாருங்கள். பாரத்தால் லைட்டின் முகம் மேலே தூக்கியிருந்தால் மறுபடி இறக்க வேண்டும்.

அதிர்வு தாங்குவதற்கு ஸ்பிரிங் வொஷர் போட்டு நட்டை இறுக்குங்கள். வாரத்துக்கு ஒரு தடவை கையால் ஆட்டிப் பாருங்கள்.

பழைய நான்கு சில்லு ட்ரக்டருக்கு ஒரு எச்சரிக்கை

தோட்டத்து ட்ரக்டர்களைப் பார்க்கிற டிரைவர்மாரும் ஸ்டோர் மெக்கானிக்மாரும் இதைக் கவனியுங்கள். பழைய இங்கிலாந்து ட்ரக்டர்கள் பலவற்றில் பட்டரியின் பிளஸ் முனையைத்தான் உடம்பு இரும்பில் எர்த் பண்ணியிருப்பார்கள். இப்போதைய வாகனங்களில் மைனஸ்தான் எர்த். பழைய பல்புக்கு எந்தப் பக்கம் கொடுத்தாலும் எரியும். எல்.ஈ.டி. அப்படியில்லை. மாற்றிக் கொடுத்தால் எரியாது, சில வகை கெட்டே போகும். முதலில் பட்டரியிலிருந்து எந்த வயர் சேசிஸில் முறுக்கியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு கை வையுங்கள்.

எந்த ட்ரக்டரானாலும், வேலை தொடங்குமுன் எர்த் பக்கத்து வயரைப் பட்டரியிலிருந்து கழற்றிவிட வேண்டும். முடிக்கும்போது அதைக் கடைசியில் பூட்ட வேண்டும். சார்ஜ் ஏறுகிற பட்டரிக்குப் பக்கத்தில் பீடி, சுருட்டு, குப்பி விளக்கு ஒன்றும் கூடாது. அதிலிருந்து வருவது தீப்பிடிக்கிற வாயு. லயத்து அறையில், பிள்ளைகள் தூங்குகிற இடத்தில், பட்டரியைச் சார்ஜ் போடவே போடாதீர்கள். எஞ்சின் ஓடும்போது பட்டரி முனையில் 14 வோல்ட் அளவு இருந்தால் சரி. 15க்கு மேல் போனால் பட்டரி கொதித்துக் கெடும். மெக்கானிக்கிடம் சொல்லிப் பார்க்க வைக்க வேண்டும்.

நம் தோட்டத்துக்கு என்ன?

"ஐயா, எங்களுக்கு வயலும் இல்ல, லேண்ட் மாஸ்டரும் இல்ல. இதெல்லாம் எங்களுக்கு என்னாத்துக்கு?" என்று நீங்கள் கேட்கலாம்.

யோசித்துப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போகிற வழியில், பனியில், நம் பெண்கள் ரோட்டோரமாக நடக்கிறார்கள். அந்தி நேரம் கடைசிக் கொழுந்தை ஏற்றிக்கொண்டு ட்ரக்டர் ஸ்டோருக்குப் போகிறது. கோயில் திருவிழா, கல்யாணம், சாவு என்றால் பெட்டியில் ஏறித்தான் குடும்பத்தோடு போகிறோம். மரக்கறித் தோட்டம் செய்கிறவர்கள் இரண்டு சில்லு ட்ரக்டரில் மூட்டை ஏற்றி இரவோடு இரவாகச் சந்தைக்குப் போகிறார்கள். மலை ரோட்டின் வளைவில், மிஸ்ட் இறங்கினால், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அந்த மிஸ்ட்டில் ஹெட்லைட்டைத் தூக்கி அடித்தால் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே விழும். தாழ்த்தி அடித்து, மெதுவாகத்தான் போக வேண்டும். பின்னால் வருகிறவருக்கு அப்போதும் அந்தச் சிவப்பு விளக்குத்தான் துணை.

1951ஆம் ஆண்டு 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன்கீழ் உள்ள விதிகளும் இருட்டில் ரோட்டில் போகும் வாகனத்துக்கு விளக்கு வேண்டும் என்கின்றன. பொலிஸ் பிடிக்கும் என்று பயந்து விளக்குப் போட வேண்டாம். பெட்டியில் இருக்கிறது நம் பிள்ளை என்று நினைத்துப் போடுங்கள்.

ஆகவே எல்லாரிடமும் நாம் கேட்பது இவ்வளவுதான்:

பெட்டியில் ஏறுமுன், பின்னால் போய் ஒரு தடவை பாருங்கள். சிவப்பு விளக்கு எரிகிறதா? ரிப்ளெக்டர் தெரிகிறதா? எரியவில்லை என்றால் டிரைவர் தம்பியிடம் சொல்லுங்கள். சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

பின்பலகையில் காலைத் தொங்கப் போட்டு யாரையும் உட்காரவிடாதீர்கள். முக்கியமாகப் பிள்ளைகளை.

ட்ரக்டர் ரோட்டில் நின்று போனால் ஆட்களை முதலில் இறக்கி, ரோட்டை விட்டு விலகி நிற்கச் சொல்லுங்கள். ஒருவர் டோர்ச்சோடு பின்னால் தள்ளிப் போய், ரோட்டோரமாக நின்று, வருகிற வாகனத்துக்குக் காட்ட வேண்டும்.

தோட்டத்து ட்ரக்டரில் விளக்கு இல்லை என்றால் தலைவரிடமோ, நலன்புரி அலுவலகத்திலோ வந்து சொல்லுங்கள். எழுதி எடுத்துத் துரையிடம் கொண்டு போவது எங்கள் பொறுப்பு.

இலங்கைத்துறையிலிருந்து நாம் திரும்புகிற அன்று மாலை, விளக்குப் போட்ட ட்ரக்டரை மாமா ரோட்டுக்குக் கொண்டு வந்தார். நன்றாக இருட்டிவிட்டது. பையனுடைய அப்பா ரோட்டிலேயே நின்று, அது போகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வளைவு வரைக்கும் இரண்டு சிவப்புப் பொட்டும் தெரிந்தன. "இவ்வளவு தூரத்துக்குத் தெரியுதுங்களே ஐயா" என்றார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பையன் இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறான். அடுத்த அறுவடைக்கும் மாமா வீட்டுக்குப் போக வேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறான். போகட்டும். ஆனால் பெட்டிக்குள், முன்பக்கமாக, மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று அவனுடைய அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறார்.